சட்டமின்றிச் சுரமில்லை

இசையைப் பற்றிப் பேசுவோர் பாடுவோரைப் போற்றுவர், பண்ணைப் போற்றுவர், கருவியையும் போற்றுவர். கருவியைத் தாங்கி நிற்கும் மரத்தையோ, அம்மரத்தைப் பிணைக்கும் ஆணியையோ போற்றுவோரைக் காண்பது அரிது. ஆயினும் நம் முன்னோர் அவ்வாறு பாராமுகமாய் இருந்தவர் அல்லர். கரிகாற் பெருவளத்தானைப் பாட வந்த முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையின் தொடக்கத்திலேயே யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். பத்தரையும் போர்வையையும் நரம்பையும் கூறுமிடத்து ஆணியையும் அவர் மறந்தாரில்லை. துளையின் வாய் மறையுமாறு இறுக்கிச் செலுத்தப்பட்ட ஆணி, வளையில் வாழும் நண்டின் கண்ணைப்போல் இருந்ததாம். அரசவைக்குச் செல்லும் புலவரின் கண்ணில் ஆணியும் பட்டிருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இளங்கோவடிகளோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். மாதவியின் ஆடலைக் காட்டுவதற்கு முன் ஆடரங்கின் அளவைக் காட்டுகின்றார். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று என்பது அரங்கேற்று காதை தரும் கணக்கு. அளவு முதலில், ஆடல் பின்னர் என்பதே முறை. இம்முறை இன்றைய மின்னணு இசைக்கும் பொருந்துவதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மின்னணு இசைக்கும் தமிழாசிரியனுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் அளந்த யாழ்

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார் பின்னாளில் விபுலாநந்த அடிகளாக விளங்கினார் என்பதை நாம் அறிவோம். அவர் அறிவியல் கற்றவர், அறிவியல் கற்பித்தவர், பள்ளிப் பொறுப்பை ஏற்று நடத்தியவர். அதன் பின்னரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்து போன யாழை மீண்டும் காணவேண்டும் என்று புறப்பட்ட அடிகளார், இலக்கியச் சான்றுகளோடு நின்றுவிடவில்லை. நரம்பின் நீளத்தையும் சுரத்தின் விகிதத்தையும் கணக்கிட்டார். அதன் பயனாக எழுந்த ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டே அடிகளார் மறைந்தார். தமிழும் அளவுகோலும் பகைப்பொருள்கள் அல்ல என்பதற்கு அவரினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை.

செங்கல்லால் ஆன இசைக்கருவி

இனி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். மின்னோட்டத்தின் துணையால் ஒலியை உண்டாக்கும் கருவிகள் பல அதற்கு முன்னரே தோன்றியிருந்தன. ஆனால் 1964ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இராபர்ட் மூக் என்பவரும், அதே காலப்பகுதியில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும், ஒருவரையொருவர் சாராமல் புதியதொரு முறையை உருவாக்கினர். கருவி முழுவதையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து மூடாமல், தனித்தனிக் கூறுகளாகப் பிரித்தனர். ஒலியை எழுப்புவது ஒரு கூறு. அதன் நிறத்தை வடிகட்டுவது மற்றொரு கூறு. ஒலி எழுந்து தணியும் வகையை வகுப்பது இன்னொரு கூறு. கம்பிகளைச் செருகி இவற்றை இணைக்கும்போதுதான் கருவி பிறக்கிறது. இணைப்பை மாற்றினால் வேறொரு கருவி பிறக்கும். இதனையே மாடுலர் சிந்தசைசர் என்று வழங்குகின்றனர்.

இக்கூறுகளுக்குள் பேசும் மொழி மின்னழுத்தமே. மூக் வகுத்த முறையில் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு தாயி உயரும். கீழ்ச் சட்சம் மேற் சட்சமாகும். பன்னிரண்டு சுரத்தானங்களும் அந்த ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். எனவே, ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிழைத்தால் சுரம் ஒரு தானம் பிழைத்துவிடும்.

கூறு என்றால் என்ன என்று மாணவர்க்கு விளக்குவதற்கு நம் கோலாலம்பூரிலேயே உவமை உண்டு. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன பழைய கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் எழுப்ப முற்பட்டனர். அச்செங்கல்லைச் சுட்டுத் தந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ஒரே அளவில் அறுக்கப்பட்ட கல்லால் கோவிலும் கட்டலாம், கடையும் கட்டலாம், பள்ளியும் கட்டலாம். அளவு ஒன்றாக இருப்பதனாலேயே வடிவம் பலவாக முடிகிறது. மாடுலர் கருவியின் தத்துவமும் இதுவே.

அகமதாபாத்தில் ஒலித்த புதுமை

இக்கருவி மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதாய் இருந்தது என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 1961இல் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கப்பெற்றது. அக்கழகத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட சாராபாய் குடும்பத்தைச் சார்ந்தவர் கீதா சாராபாய். பக்கவாத்தியம் பயின்ற இப்பெண்மணி 1946இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளரிடம் மேலை இசை கற்றார். அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். ஆசிரியரும் மாணவரும் இடம் மாறி அமர்ந்த அவ்வகுப்பு, பின்னர் இசையுலகில் நெடுங்காலம் பேசப்பட்டது.

அத்தொடர்பின் பயனாக, கேஜின் நண்பரும் பியானோ கலைஞருமான டேவிட் டியூடர் 1969ஆம் ஆண்டு அகமதாபாத் வந்து, மூக் நிறுவனத்தின் மாடுலர் சிந்தசைசர் ஒன்றைக் கழகத்தில் நிறுவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரையில் அங்கே புதிய ஒலிப்படைப்புகளை நாடாவில் பதித்தனர். மனிதன் நிலவில் கால்வைத்த ஆண்டிலேயே இந்திய மண்ணில் இவ்வொலி எழுந்தது என்பது சிந்தனைக்குரியது.

ஆனால் பின்னர் நிகழ்ந்தது யாது? அந்நாடாக்கள் கழகத்தின் ஆவணக்கூடத்தில் உறங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வெளியுலகம் அவற்றை அறியவில்லை. இலண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2020இல் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றின் வாயிலாக அவ்வரலாறு பரவியது. 2023இல் அப்பதிவுகள் இசைத்தட்டாக வெளிவந்தன. படைத்தோர் இருந்தனர், படைப்பும் இருந்தது, அதனைச் சொல்வார் இல்லாமற் போயினர். இக்குறை அகமதாபாத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கைகாட்டியும் இரும்புச் சட்டமும்

கூறுகள் பல இருப்பின் அவற்றைத் தாங்கச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தின் வரலாறு இசையரங்கில் தொடங்கவில்லை. தொலைபேசி நிலையத்திலும் இரயில் பாதையிலும் தொடங்கிற்று. ரிலே எனப்படும் மின்விசைகளை வரிசை வரிசையாகப் பொருத்தி வைப்பதற்காக இரும்புச் சட்டங்கள் செய்யப்பட்டன. 1911ஆம் ஆண்டளவிலேயே இரயில்வே கைகாட்டித் துறையில் இத்தகைய சட்டங்கள் பேசப்பட்டன. 1922ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்று, சட்டத்தின் அகலம் 19 அங்குலம், உயர அலகு ஒன்றே முக்கால் அங்குலம் என்று வரையறுத்தது. இன்றும் உலகெங்கும் அவ்வளவே வழங்குகிறது.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு பிரிக்பீல்ட்சுக்கு ஓடியது. என் தந்தையார் மலாயன் இரயில்வேயில் கைகாட்டிப் பிரிவுத் தொழிலாளியாக இருந்தவர். சிறுவனாக இருந்த என்னை ஒருநாள் தம்முடன் அழைத்துச் சென்று, ஆளுயர இரும்புச் சட்டத்தில் அடுக்கியிருந்த ரிலேக்களைத் தொலைவில் நிறுத்திக் காட்டினார். அவை ‘டிக், டிக்’ என்று பேசிக்கொண்டிருந்தன. “தம்பி, இதுல ஒரு திருகாணி தளர்ந்தாலும் கைகாட்டி பொய் சொல்லும். கைகாட்டி பொய் சொன்னா வண்டியில இருக்கிறவங்க கதி என்ன?” என்றார். எழுத்தறிவு மிகுதியாக இல்லாதவர் அவர். ஆயினும் துல்லியம் என்பது ஓர் அறம் என்பதை எனக்கு முதன்முதலில் உணர்த்தியவர் அவரே. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகள் பலவற்றைக் கற்றேன். அந்த ஒரு வாக்கியத்தைப்போல் என்னுள் தைத்தது வேறொன்றில்லை.

சட்டத்தின் கதை மேலும் தொடர்ந்தது. மின்னணுச் சுற்றுப் பலகைகளுக்கென ஐரோப்பாவில் சிறிய சட்ட அளவு ஒன்று வழக்கில் இருந்தது. செருமனியின் மூனிச் நகருக்கு அருகில் தொழில் நடத்திய டீட்டர் டோப்பர் என்பவர், 1990களின் நடுப்பகுதியில் அவ்வளவையே இசைக் கூறுகளுக்கும் எடுத்துக்கொண்டார். யூரோராக் என்று அதற்குப் பெயர். மூன்று உயர அலகு, அஃதாவது 133.35 மில்லிமீட்டர் இடைவெளியில், 128.5 மில்லிமீட்டர் உயரமுள்ள முகப்புத் தகடு அமரும். அகலத்தின் அலகு 5.08 மில்லிமீட்டர், அஃதாவது அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மேலும் கீழும் உள்ள திருகாணித் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 122.5 மில்லிமீட்டர் தூரம். திருகாணியின் பருமன் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர். அளவைப் பிறரும் பின்பற்றலாம் என்ற நிலை ஏற்பட்டமையால், பல நாட்டவர் கூறுகளைச் செய்யத் தொடங்கினர். வீட்டு மேசையில் அமர்ந்து தாமே செய்வோரும் பெருகினர்.

வீட்டில் செய்த சோதனைச் சட்டம்

அவ்வாறு செய்வோருள் ஒருவர் கிள்ளானில் வாழும் என் பழைய மாணவர். தொழிற்சாலை ஒன்றில் பழுதுநீக்குநராகப் பணியாற்றுகின்றார். அண்மையில் ஒரு தீபாவளியன்று அவர் இல்லம் சென்றேன். பின்கட்டில் இருந்த மேசையின்மேல் விந்தையான ஒரு பொருள் நின்றது. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு ஒட்டுப்பலகைகள். அவற்றை இணைத்து, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு அலுமினிய மூலைச்சட்டங்கள். முதுகுப்புறம் திறந்தே இருந்தது.

“சார், இது கருவி இல்ல. கருவியைச் சோதிக்கிற சட்டம்” என்று அவர் விளக்கலானார். புதிதாகச் செய்த கூற்றினை நேரே இசைப்பெட்டியில் பூட்டினால் அதன் முதுகைக் காண இயலாது. பழுது எங்கே என்று அளவுமானியின் முனையால் தொட்டறியவும் இயலாது. மேசையின்மேல் வெறுமனே கிடத்தினாலோ, முகப்பிலுள்ள குமிழைத் திருப்பும்போது பலகை நழுவும்; அடியிலுள்ள ஈயப்பற்று ஏதேனும் உலோகத்தைத் தொட்டு மின்குறுக்கு ஏற்படும். எனவே, கூற்றினை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் கை செல்ல இடந்தரும் சட்டம் வேண்டியதாயிற்று. நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில் மருத்துவருக்கு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இச்சட்டம்.

கடையில் விற்கும் ஆயத்தச் சட்டத்தை வாங்காமல், இரும்புச்சாமான் கடையில் கிடைக்கும் மூலைச்சட்டத்தையே அவர் வாங்கினார். மின்னணு உறுப்புகளைக் கோலாலம்பூர் புடுவிலுள்ள ஜாலான் பாசார் கடைகளில் தேடிப் பெற்றார். அலுமினியத்தில் 2.5 மில்லிமீட்டர்த் துளையிட்டு, மரையிடும் கருவியால் 3 மில்லிமீட்டர்த் திருகாணிக்கு மரை வெட்டினார். பலகை உள்ளே செல்வதற்கு இரு சட்டங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் இடம் விட்டார். வீட்டு மின்சாரத்தைத் தொடும் பகுதியை மட்டும் தாமே செய்ய முற்படவில்லை. பாதுகாப்பானதாகப் பார்த்து ஆயத்தமாக வாங்கினார். அதிலிருந்து நேர் 12 வோல்ட், எதிர் 12 வோல்ட் என இருவகை மின்னழுத்தம் சட்டத்துக்கு வருகிறது. இரண்டும் ஒழுங்காய் வருகின்றனவா என்று காட்ட இரு சிறு விளக்குகள் உள்ளன. மின்னிணைப்பு நாடாவின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது எதிர் 12 வோல்ட் பக்கம் அமையவேண்டும். மாற்றிச் செருகினால் நாள்கணக்கில் செய்த கூறு நொடியில் கருகிவிடக்கூடும். அதனைத் தடுக்க, மின்வழி இரண்டிலும் சிறு தடையங்களை வைத்திருந்தார். பிழை நேர்ந்தால் முதலில் அத்தடையம் சூடேறிக் கருகும். கூறு பெரும்பாலும் தப்பிவிடும்.

சுவரில் மற்றொரு சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கூறு ஒன்றும் இல்லை. அதனைப் பற்றி வினவினேன். அவர் சிரித்தார். அதுவே அவர் முதலில் செய்த சட்டமாம். 5.08 மில்லிமீட்டர் என்பதை 5 மில்லிமீட்டர் என்று சுருக்கிக்கொண்டு, பள்ளி அடிக்கோலால் அளந்து துளையிட்டிருக்கின்றார். புள்ளி பூச்சியம் எட்டு மில்லிமீட்டர்தானே என்ற எண்ணம். எட்டு அலகு அகலமுள்ள கூறுகளை வரிசையாகப் பூட்டியபோது முதலாவது பொருந்தியது. இரண்டாவதும் ஒருவாறு பொருந்தியது. ஐந்தாவது கூற்றுக்கு வரும்போது பிழை வளர்ந்து 2.56 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. திருகாணி ஒரு துளைக்கும் மறு துளைக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் நின்றது. 84 அலகு கொண்ட முழுச் சட்டத்தில் அப்பிழை 6.72 மில்லிமீட்டர் ஆகும்.

“ஒவ்வொரு துளையையும் முன்துளையிலிருந்து அளந்தேன் சார். எல்லாத்தையும் முதல் துளையிலிருந்தே அளந்திருக்கணும். அளவும் சரியா இருந்திருக்கணும்” என்றார் அவர். நான் வாயடைத்து நின்றேன். திரளும் பிழை என்னும் பாடத்தை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நான். ஆயினும் சுவரில் தொங்கிய அந்த வெற்றுச் சட்டத்தைப்போல் என்னால் விளக்க முடிந்ததில்லை.

ஓர் ஆசிரியனின் கடன்

இங்கே என் குறை ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். இம்மாணவர் ஆறாம் ஆண்டில் பயின்றபோது, மரப்பெட்டி ஒன்றில் ஆணிகளை வரிசையாக அறைந்து, அவற்றிடையே இரப்பர் வளையங்களை இழுத்துக் கட்டி, மீட்டினால் ஏழு ஒலி எழுமாறு செய்து, வகுப்புக்குக் கொண்டுவந்தார். அப்போது நடப்பில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. “விளையாட்டை விட்டுவிட்டுப் பயிற்சித்தாளை எடு” என்று கடிந்து, அப்பெட்டியை அலமாரியின்மேல் ஏற்றிவைத்தேன். ஆண்டு முடிந்து மாணவர் சென்றார். பெட்டியைத் திருப்பித் தர நான் மறந்தேன். அத்தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சித்தாள்களில் ஒன்றுகூட இன்று எவர் நினைவிலும் இல்லை. அவர் மறந்திருப்பார் என்று எண்ணி அன்று நான் பேச்செடுத்தபோது, “அந்தப் பெட்டியில ஆணி இடைவெளி சரியில்ல சார். அப்பவே அளந்து பழகியிருக்கணும்” என்று மட்டும் கூறினார். குற்றம் கூறாத அச்சொல் என்னை மிகவும் வருத்தியது. அளந்து பழகக் கற்றுத்தந்திருக்க வேண்டியவன் நான் அன்றோ?

முடத்தாமக்கண்ணியாரின் பாட்டை அவ்வாண்டு நான் பாடமாக நடத்தவில்லை எனினும், அதனை அறிந்தே இருந்தேன். ஆணியை நண்டின் கண்ணாகக் கண்ட புலவரைப் போற்றினேன்; ஆணி அறைந்து வந்த மாணவனைக் கடிந்தேன். கற்றதற்கும் நின்றதற்கும் இடையே இருந்த இடைவெளி புள்ளி பூச்சியம் எட்டு மில்லிமீட்டரினும் பெரிதென்பதில் ஐயமில்லை.

அகமதாபாத்தின் நாடாக்களைத் தேடிவர அரை நூற்றாண்டுக்குப் பின்னராயினும் ஒருவர் இருந்தார். நம் மூதாதையரின் கைத்திறனுக்கு அத்தகைய நாடா எதுவும் இல்லை. பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இரயில்வேப் பட்டறைகளில் உழைத்த தமிழர், கிள்ளான் துறைமுகத்தில் உழைத்த தமிழர், தோட்டத்து ஆலைகளில் இயந்திரம் பார்த்த தமிழர் எனப் பலரும் எத்தனையோ தாங்கிகளையும் சட்டங்களையும் சோதனைக் கருவிகளையும் தம் கையாலேயே செய்திருப்பர். பால்வெட்டியவர் வரலாற்றை நாம் கதையாகவும் கவிதையாகவும் எழுதியுள்ளோம். திருகாணி முடுக்கியவர் வரலாற்றை அந்த அளவுக்கு எழுதவில்லை. என் தந்தையார் கைகளால் அறிந்திருந்தவற்றுள் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் எஞ்சியிருக்கிறது. எஞ்சியவை அவரோடு மறைந்தன.

ஆதலின், ஆசிரியத் தோழர்கள் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். ஒன்று, யாழின் உறுப்புகளையும் அரங்கேற்று காதையின் அளவுகளையும் நடத்தும்போது மாணவர் கையில் ஓர் அளவுகோலைத் தருதல். இருபத்துநான்கு விரல் என்பது எவ்வளவு என்று அவர்கள் தம் விரலாலேயே அளந்து பார்க்கட்டும். ஒருவர் விரலளவும் மற்றொருவர் விரலளவும் வேறுபடுவதைக் கண்டு, பொதுவளவு ஏன் வேண்டும் என்று அவர்களே கேட்கட்டும். மற்றொன்று, பட்டறையில் உழைத்த தாத்தா எவரேனும் வீட்டில் இருப்பின், அவர் செய்த பொருள் ஒன்றைப் பற்றி அளவோடும் பெயரோடும் ஒரு பக்கம் எழுதிவரச் செய்தல். அவர் வழங்கும் தொழிற்சொல் தமிழாயினும் மலாயாயினும் வேறெதுவாயினும் அவ்வாறே எழுதப்படட்டும்.

அன்று விடைபெறும் முன் மாணவர் சோதனைச் சட்டத்தில் கூறு ஒன்றைப் பூட்டி, நான்கு திருகாணிகளையும் முடுக்கி, சிவப்புக் கோட்டை இருமுறை சரிபார்த்து, விசையை அழுத்தினார். இரு விளக்குகளும் எரிந்தன. தம்பூராவின் சுருதியை ஒத்த நீண்ட ஒலியொன்று எழுந்தது. நான் குனிந்து திருகாணியை நோக்கினேன். துளையின் வாய் மறைய இறுகி, நண்டின் கண்போலவே அது விளங்கிற்று.